அரிசி வாளிக்குள் இருந்த புத்தகம்

அன்புள்ள அக்கா,

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்காக ஆயிரம் புத்தகம் வரை சேர்த்திருக்கிறோம். ஒரு வேன் பிடித்துப் போய் ஐந்தாறு ஊர்களில் கொடுத்துவிட்டு வர யோசனை. எப்படிப்பட்ட புத்தகங்களைக் கொண்டுபோகலாம்? போன் பார்க்கும் பிள்ளைகள் இதையெல்லாம் வாசிப்பார்களா?

ஒரு வாசகர், களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

வாசிப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வேன் ஒரே ஒரு தடவைதான் போகப்போகிறது என்பதுதான் எனக்குக் கவலை.

சில வருடங்களுக்கு முன் நானும் குருமண்வெளியில் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறி, மண்டூரில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் தும்பங்கேணிப் பக்கம் போய்வந்தேன். ஒரு பிஸ்கட் பெட்டி நிறையப் புத்தகம். சனிக்கிழமைதோறும் வருவேன் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன். மாரி தொடங்கியதும் மூன்று சனி போகவில்லை. நாலாவது சனி போனபோது ஒரு பையன் வீட்டுக்குள் ஓடி, அரிசி வாளிக்குள் கைவிட்டு, சொப்பிங் பையில் சுற்றிய புத்தகத்தை எடுத்துவந்தான். கூரை ஒழுகும் வீடு. நனையாத இடம் அந்த வாளி ஒன்றுதான். பக்கங்களுக்கு நடுவே தவிடு ஒட்டியிருந்தது. "மூணு சனியும் சந்தியில போய் நிண்டவன்" என்றார் அவன் அம்மா. மழையைக் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே மழையில்தானே அவன் நின்றிருக்கிறான்!

1931இல் தமிழ்நாட்டு மன்னார்குடியில் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் தொடக்கிவைத்த நடமாடும் நூலகம் ஒரு மாட்டு வண்டி. கென்யாவில் கரிசா பக்கம் 1996இலிருந்து ஒட்டகங்கள் புத்தகம் சுமந்தன. வண்டியோ ஒட்டகமோ, கொடுத்த ஊருக்குத் திரும்பிப் போனால்தான் அது நூலகம். இல்லாவிட்டால் நிவாரணம் மாதிரித்தான், தம்பி. நிவாரணம் நம் பிள்ளைகள் நிறையவே பார்த்துவிட்டார்கள்.

ஆகவே ஐந்தாறு ஊர் வேண்டாம், ஒரு ஊர் போதும். நாலு பேர் மாறிமாறிப் போனால் ஒருவருக்கு மாதம் ஒரு சனிதான் வரும். ஐம்பது புத்தகம் போதும், மிச்சத்தை மாற்றி மாற்றிக் கொண்டுபோங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சை வினாத்தாள் கட்டுகளை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பெரிய எழுத்து, நிறையப் படம் உள்ள கதைகளைக் கூடுதலாக எடுங்கள். ஏழாம் ஆண்டுப் பிள்ளையும் அதைத்தான் முதலில் தூக்கும். தூக்கட்டும், "இது சின்னப் பிள்ளைகளுக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். புத்தகம் கிழிந்து வந்தாலும் ஏசக்கூடாது. ஆளுக்கொரு பொலித்தீன் பை கட்டாயம் கொடுங்கள்.

மாரிக்கு முன்னமே தொடங்கப் பாருங்கள். ஊர் முடிவானதும் எழுதுங்கள், முதல் சனிக்கு நானும் குருமண்வெளித் துறைக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா