கார்ட்ராஸ் குருமடம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் கார்ட்ராஸ் ஊரருகே சிதைந்து நிற்கும், கத்தோலிக்கக் குருக்களைப் பயிற்றுவித்த புனித பேதுரு குருமடத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 1966இல் திறந்து 1980இல் மூடிய கட்டடம் அது. மழைக்கு ஒழுகி, பதினான்கே ஆண்டுகளில் கைவிடப்பட்ட ஒரு கான்கிரீட் கூட்டை எப்படிச் சாதனை என்கிறீர்கள்? கட்டியவர்களின் தோல்வி அல்லவா அது?

க.

அன்புள்ள க.,

ஒழுகியது உண்மைதான். கிளைட் ஆற்றின் கழிமுகத்து மழைக்கு அந்தக் கட்டடம் தாக்குப்பிடிக்கவில்லை. வடிவமைத்த ஐசி மெட்ஸ்டைன், ஆண்டி மேக்மில்லன் இருவரையும் அந்தப் பழியிலிருந்து விடுவிக்க நான் முயலவில்லை. ஆனால் குருமடம் காலியானதற்கு மழையைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

கிளாஸ்கோ அருகே பேர்ஸ்டென்னில் இருந்த பழைய குருமடம் 1946இல் தீக்கிரையானது. புதியதைக் கட்டும் பொறுப்பு 1953இல் அவ்விருவரும் பணியாற்றிய கில்லெஸ்பி, கிட் அண்ட் கோயா என்ற கட்டடக்கலை நிறுவனத்திடம் வந்தது. வேலை தொடங்கியதோ 1961இல். மறு ஆண்டே ரோமில், உலகெங்குமுள்ள கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. ஊரிலிருந்து ஒதுங்கிய மடத்தில் குருக்களை உருவாக்குவதைவிட, மக்களிடையே வாழ்ந்து அவர்கள் பயில்வதே நல்லது என்ற எண்ணம் அதன்பின் வலுப்பெற்றது. குருமாணவர் எண்ணிக்கையும் சரிந்தது. சுமார் நூறு பேருக்கெனக் கட்டிய இடம் ஒருபோதும் நிறையவில்லை.

உள்ளமைப்பைப் பாருங்கள். கீழே ஒரே நீள்கூடத்தில் ஆலயமும் உணவுக்கூடமும். அவற்றின்மேல் மாணவர் அறைகள் அடுக்கடுக்காக, மேலே செல்லச் செல்ல உள்நோக்கி நெருங்குகின்றன. அறையை விட்டு நடைக்கூடத்துக்கு வரும் மாணவனின் கண்ணில் ஆலயமோ உணவு மேசைகளோ படாமல் போகாது. கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே பிரான்சில் வடிவமைத்த லா துரெத் துறவு மடத்தை இதன் முன்னோடியாகச் சொல்வார்கள். அங்கே முற்றத்தைச் சுற்றி விரிந்து கிடந்த துறவு வாழ்க்கையை இவர்கள் ஒரே கூரையின்கீழ் மடித்து வைத்தார்கள். 1939இல் பெர்லினிலிருந்து அகதிச் சிறுவனாக வந்த யூதரான மெட்ஸ்டைன், கத்தோலிக்கக் குருமாணவரின் அன்றாடத்தை இத்தனை நுட்பமாக உள்வாங்கியது எனக்கு இன்றும் வியப்புதான்.

சிக்கலும் அந்த நுட்பத்தில்தான் இருந்தது. வளைசுவர்களுக்குள் அமைந்த சிறு பக்க ஆலயங்கள், ஒவ்வொரு குருவும் தனித்தனியே திருப்பலி நிறைவேற்றிய காலத்துக்கானவை. குருக்கள் பலர் சேர்ந்து நிறைவேற்றும் கூட்டுத்திருப்பலியைச் சங்கம் பரவலாக அனுமதித்ததும் அவற்றின் தேவை குறைந்துவிட்டது. ஒருவருக்கென அளவெடுத்துத் தைத்த சட்டை இன்னொருவருக்குப் பொருந்தாததுபோல, 1980களில் அங்கே இயங்கிய போதைமீட்பு மையமும் நிலைக்கவில்லை. குருமடத்தின் நடுவிலிருந்த பழைய கில்மஹியூ மாளிகை 1995இல் எரிந்து, பின்னர் இடிக்கப்பட்டது.

1992இல் ஸ்காட்லாந்தின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலான ‘ஏ’ பிரிவில் சேர்த்தபோதே கட்டடம் சூறையாடப்பட்டிருந்தது. 2020இல் கத்தோலிக்கத் திருச்சபையின் கிளாஸ்கோ உயர்மறைமாவட்டம் அதை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தது. தோல்வி என்ற சொல்லை நீங்கள் எங்கேனும் வைத்தே ஆகவேண்டுமென்றால், வடிவமைப்பாளர்கள் மேல் வைப்பதற்கு முன் குருமடம் மூடிய 1980க்கும் 2020க்கும் இடைப்பட்ட அந்த நாற்பது ஆண்டுகளின் மேல் வையுங்கள்.