ஒரே முகவரி, இரண்டு மதிப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். லினக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை (பிராசஸ்) தாய், பிள்ளை என்று இரண்டாக்கும் ஃபோர்க் போட்டு ஒரு சின்ன சி புரோகிராம் எழுதினேன். தாய் பிராசஸும் பிள்ளை பிராசஸும் ஒரு மாறியின் முகவரியை அச்சிட்டால் ஒரே எண்தான் வருகிறது. ஆனால் மதிப்பு தாயில் 5, பிள்ளையில் 10. ஒரே இடத்தில் எப்படி இரண்டு மதிப்பு இருக்க முடியும்?

– ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

திரையில் வந்த அந்த எண் ராமில் இருக்கும் இடமே இல்லை. நினைவகம் பக்கம் என்ற சம அளவுத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பிராசஸுக்கும் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தனியாக ஒரு பக்க அட்டவணை வைத்திருக்கிறது, எந்தப் பக்கம் ராமில் எங்கே என்று அது சொல்லும். உங்கள் மடிக்கணினி வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி வகை என்றால், முகவரியின் கடைசி 12 பிட் 4096 பைட் பக்கத்துக்குள் எந்த பைட் என்று சொல்லும். அதற்கு மேலே உள்ள 36 பிட்டை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, நான்கு அடுக்கு அட்டவணையில் தேடித்தான் உண்மையான இடத்தை சிபியு கண்டுபிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் நான்கு அடுக்கும் இறங்கினால் தாங்காது, அதனால் கிடைத்த விடையை டிஎல்பி என்ற சின்ன நினைவகத்தில் வைத்துக்கொள்ளும்.

இப்போது உங்கள் ஃபோர்க். கர்னல் தாயின் நினைவகத்தை நகல் எடுப்பதில்லை, அட்டவணையைத்தான் எடுக்கிறது. இரண்டு அட்டவணையும் ராமில் ஒரே இடத்தைக் காட்டும், ஆனால் இரண்டிலும் 'படிக்க மட்டும்' என்று குறித்திருக்கும். பிள்ளை 10 என்று எழுதப் போகும்போது சிபியு அதைத் தடுத்து கர்னலைக் கூப்பிடும், கர்னல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வேறு இடத்தில் நகல் எடுத்து, பிள்ளையின் அட்டவணையில் அந்த வரியை மாற்றிவிட்டு, 'சரி, இப்போது எழுது' என்று திருப்பி அனுப்பும். பிள்ளைக்கு எதுவும் தெரியாது. எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு இந்த இடம் அலுப்பதே இல்லை.

முகவரியை இப்படிப் பக்கங்கள் வழியாக ராமின் இடமாக மாற்றும் முறையின் தொடக்கம் 1962இல், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழு உருவாக்கிய அட்லஸ் கணினியில். அதற்கு முன்பெல்லாம் டிரம் என்ற காந்தச் சேமிப்புக் கருவியிலிருந்து எந்தத் துண்டை எப்போது உள்ளே கொண்டுவருவது என்பதை புரோகிராம் எழுதுகிறவரே கணக்குப் போட வேண்டும். அட்லஸ் நினைவகத்தை 512 சொல் பக்கங்களாகப் பிரித்து அந்தச் சுமையைத் தானே எடுத்துக்கொண்டது.

கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் மாறியை குளோபலாக, அதாவது எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே வையுங்கள். ஃபங்ஷனுக்குள் வைத்தால் அது ஸ்டாக் என்ற பகுதிக்குப் போகும், அங்கே அருகிலேயே வேறு மதிப்புகளும் எழுதப்படுவதால் அந்தப் பக்கம் முன்பே பிரிந்துவிடும். ஃபோர்க்குக்கு முன்பே அதில் 5 எழுதிவிடுங்கள். அப்புறம் ப்ராக் அடைவில் இரண்டு பிராசஸின் பேஜ்மேப் கோப்பையும் (எந்தப் பக்கம் ராமில் எங்கே என்று காட்டுவது) ரூட்டாக, அதாவது நிர்வாகியாக இருந்து படியுங்கள், பிள்ளை எழுதுவதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை. முன்னால் இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும், பின்னால் வேறு வேறு இடத்தைக் காட்டும்.