ஒன்றாம் வகுப்பு வேண்டாம் என்ற தம்பிக்கு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வகுப்பில் எழுபது பேருக்கு மேல். அதில் ஆண்கள் ஆறு பேர்தான். முதல் நாள் உள்ளே நுழைந்தபோது மொத்த வகுப்பும் திரும்பிப் பார்த்தது. இன்று வரை அந்தக் கூச்சம் போகவில்லை. ஆசிரியைகள் 'கேர்ள்ஸ்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எங்களைப் பார்த்ததும் 'பாய்ஸும்தான்' என்று சேர்த்துக்கொள்கிறார்கள். ஆண்களுக்கான கழிப்பறை கட்டிடத்துக்குப் பின்னால் ஒன்றே ஒன்று. விழா என்றால் பெஞ்சு தூக்கவும் ஸ்பீக்கர் கட்டவும் நாங்கள். நான் ஒரு நாள் லீவு போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. குழு வேலையில் பேசினால் அதிகாரம் பண்ணுகிறேன் என்கிறார்கள், பேசாமல் இருந்தால் திமிர் என்கிறார்கள். வெளியே நண்பர்கள் 'லேடீஸ் காலேஜ்' என்று கேலி செய்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். போட்டியே இல்லாமல் என்னை மாணவர் செயலாளர் ஆக்கினார்கள். கற்பித்தல் பயிற்சிக்கு எனக்கு ஒன்றாம் வகுப்பு போட்டிருந்தார்கள். சரிப்பட்டு வராது என்று கேட்டு ஏழாம் வகுப்பாக மாற்றிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட இடத்தில் ஓர் ஆண் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? பேசாமல் வேறு படிப்புக்குப் போய்விடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

சென்ற மாதம் ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் தலைமையாசிரியர், நிர்வாகி, கல்வி அதிகாரி, சிறப்பு விருந்தினர் என்று அத்தனை பேரும் ஆண்கள். கீழே பிள்ளைகளின் நடன உடைக்குப் பின் குத்திக்கொண்டும், மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டும், அழுகிற ஒருத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டும் நின்ற ஆசிரியர்கள் எல்லோரும் பெண்கள். சிறப்பு விருந்தினர் 'பொறுமையே உருவான நம் ஆசிரியைகள்' என்று புகழ்ந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. அந்தப் பொறுமையைப் பழகிக்கொள்ள மேடையில் இருந்த ஒருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்று அன்றிலிருந்து மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். கழிப்பறை நியாயமான கோரிக்கை. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு முதல்வரிடம் மனு கொடுங்கள். செயலாளர் நீதானே, அதை முதல் வேலையாகச் செய். கேலி பேசும் நண்பர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்காதே. 'கேர்ள்ஸ்' என்று கூப்பிடுவதையும் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பொறியியல் வகுப்புகளில் ஒற்றைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்த பெண்கள் இதைவிட எவ்வளவோ கேட்டுவிட்டுத்தான் பட்டம் வாங்கினார்கள்.

ஆனால் உன் கூச்சத்தை நான் லேசாக நினைக்கவில்லை. கூட்டத்தில் ஆறு பேராக இருப்பது களைப்பான காரியம். நீ சொதப்பினால் 'இவனுக்கு வரவில்லை' என்று சொல்ல மாட்டார்கள், 'ஆம்பளைகளுக்கு இதெல்லாம் வராது' என்பார்கள். நன்றாகச் செய்தாலோ தேவைக்கு மேல் பாராட்டுவார்கள். இரண்டிலும் உன்னை உனக்காகப் பார்ப்பதில்லை. அது வலிக்கும், எனக்குத் தெரியும். குழுவில் எப்படிப் பழகுவது என்று கேட்டாய். கடைசி வரிசையில் ஆறு பேரும் ஒட்டிக்கொண்டு உட்காருவதை நிறுத்துங்கள். சார்ட் வெட்டு, ஒட்டுவதற்கு மாவுப் பசை காய்ச்சு, மற்றவர்கள் எழுதிய பாடக்குறிப்பை வாங்கிப் படி. வழிநடத்துகிற இடத்தை விட்டுவிட்டு வேலை செய்கிற இடத்தில் போய் உட்கார்ந்தால் அதிகாரம், திமிர் என்ற பேச்சு இரண்டும் தானாக அடங்கும்.

இனித் திட்டப் போகிறேன், பொறுத்துக்கொள்.

எழுபது பேரில் அறுபதுக்கும் மேற்பட்ட பெண்கள் இருக்கிற வகுப்பில் போட்டியே இல்லாமல் நீ செயலாளர் ஆனாய். அதை ஆறுதல் பரிசு மாதிரி ஒரு வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறாயே, ஏன் உன்னிடம் வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்தாயா? கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் செவிலியர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், நூலகர், சமூகப் பணியாளர் வேலைகளில் இருந்த ஆண்களோடு பேசி 1992இல் ஒரு கட்டுரை எழுதினார். ஆண்கள் நிறைந்த தொழிலில் பெண்களுக்கு மேலே போகத் தடை இருக்கிறது என்பது தெரிந்த கதை. பெண்கள் நிறைந்த தொழிலில் ஆண்களுக்கு நடப்பது நேர்மாறு என்று அவர் கண்டார். கண்ணுக்குத் தெரியாத எஸ்கலேட்டரில் ஏற்றிவிட்டதுபோல அவர்கள் மேலே போகிறார்கள். சும்மா நின்றாலே போதும். நின்ற இடத்திலேயே இருக்க ஆசைப்பட்டால்கூட விடுவதில்லை. சின்னப் பிள்ளைகளோடு இருக்கிற ஆணைப் பார்த்து 'உனக்கு இது போதுமா?' என்று கேட்டுக் கேட்டே நிர்வாகத்துக்கும் அலுவலகத்துக்கும் தள்ளிவிடுகிறார்கள்.

நீ அதில் முதல் அடி வைத்துவிட்டாய். செயலாளர் பதவியை நான் பெரிதாகச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பை ஏழாம் வகுப்பாக மாற்றிக்கொண்டாயே, அதைச் சொல்கிறேன். 'சரிப்பட்டு வராது' என்று எப்படித் தெரியும்? ஒரு நாளாவது போய்ப் பார்த்தாயா? உன் வகுப்பில் ஒரு பெண் ஒன்றாம் வகுப்பு வேண்டாம், ஏழுதான் வேண்டும் என்று கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்களா? 'போய்ப் பழகிக்கோ' என்றிருப்பார்கள். உனக்குக் கேட்டவுடன் கிடைத்தது. நீ விட்ட ஒன்றாம் வகுப்பு இப்போது அவர்களில் ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கும்.

நான் பயிற்சியில் இருந்தபோது எங்கள் வகுப்பிலும் ஆண்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருவன், நல்ல உயரம், கனத்த குரல். அவனே விரும்பி ஒன்றாம் வகுப்பு கேட்டு வாங்கினான். என்னையும் அதே பள்ளிக்குத்தான் போட்டிருந்தார்கள். முதல் நாள் அவனைப் பார்த்ததும் ஒரு சின்னப் பெண் வாசல்படியைத் தாண்டி உள்ளே வர மாட்டேன் என்றது. அவன் கூப்பிடவில்லை, கொஞ்சவும் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பலகையில் ஏதோ வரைய ஆரம்பித்தான். உட்கார்ந்ததும் அவன் தலை அந்தப் பிள்ளையின் தலைக்குச் சமமாகிவிட்டது. சுவரை ஒட்டி நகர்ந்து நகர்ந்து வந்த அது, அவன் சட்டைப் பொத்தான்களை விரலால் தொட்டு எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது இடத்தில் பொத்தான் இல்லை, நூல் மட்டும் தொங்கியது. விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து அவனைப் பார்த்தது. 'அதை எண்ணலாமா, கூடாதா?' என்று அவன் கேட்டான். வகுப்பே எழுந்து வந்து சுற்றி நின்று வாதாடியது. இல்லாத ஒன்றை எண்ணலாமா என்று ஐந்து வயதுப் பிள்ளைகள் பேசிக் கேட்டிருக்கிறாயா தம்பி? பூஜ்ஜியத்தைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல இடம் எந்தப் பாடக்குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

மேற்பார்வைக்கு வந்தவர் அவனுடைய கவனிப்புக் குறிப்பேட்டில் என்ன எழுதினார் தெரியுமா? 'கம்பீரம் போதாது. தரையில் அமர்வதைத் தவிர்க்கவும்.' அதே நாளில் நானும் தரையில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு 'குழந்தைகளோடு இயல்பாகப் பழகுகிறார்' என்று எழுதினார்.

அதன் பிறகு அவனைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தை நடத்தவும், பெரிய பையன்களை அதட்டவும், விளையாட்டு விழாவுக்கும் இழுத்துக்கொண்டார்கள். வேலை கிடைத்த பிறகும் அதே கதைதான். தொடக்கப் பள்ளியில் சேர்ந்தான், சீக்கிரமே அலுவலகப் பொறுப்பு, அப்புறம் தலைமை, இப்போது நிர்வாகம். எதுவும் அவன் கேட்டு வாங்கியது இல்லை. ஒருமுறை சந்தித்தபோது, 'சின்னப் பிள்ளைகளுக்குக் கடைசியாகப் பாடம் எடுத்தது எப்போது என்றே ஞாபகம் இல்லை' என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் மேல் பாதி, அவனை எடுத்துக்கொண்டு போனவர்கள் மேல் பாதி.

இது ஒரு நண்பனின் கதை மட்டும் என்று நினைக்காதே. யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கணக்கைப் பார். 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் மழலையர் பள்ளி ஆசிரியர்களில் 100க்கு 94 பேர் பெண்கள். தொடக்கப் பள்ளியில் சுமார் 67. உயர்நிலை, மேல்நிலையில் 54. கல்லூரி, பல்கலைக்கழகத்துக்கு வந்தால் 43. பிள்ளை வளர வளர ஆண் ஆசிரியர் வந்து சேர்கிறார். சம்பளமும் மரியாதையும் கூடும் திசையும் அதேதான். இதைத் தாய்மைக் குணம் என்று பூசி மெழுகுகிறார்கள். அமெரிக்காவில் அரசு நடத்திய முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி 1839இல் லெக்ஸிங்டனில் பெண்களுக்காகவே திறக்கப்பட்டது. பெண்களின் இயல்புக்கு ஏற்ற வேலை என்று மேடைகளில் பேசினார்கள். ஆணுக்குக் கொடுப்பதில் பாதியோ அதற்கும் குறைவோ கொடுத்தால் போதும் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது. சின்னப் பிள்ளைகளின் வகுப்பு பெண்களின் வேலை ஆனதற்கு இந்த மலிவும் ஒரு பெரிய காரணம்.

ஆணுக்கு அந்தக் குணம் வராது என்று யாராவது சொன்னால் கிஜுபாய் பதேகாவைப் பற்றிச் சொல். வக்கீலாக இருந்தவர். குஜராத்தில் பாவ்நகரில் 1920இல் குழந்தைகளுக்கென்று பால மந்திர் என்ற பள்ளியைத் தொடங்கினார். கதை சொல்லி, ஆடிப்பாடி, அடியும் மிரட்டலும் இல்லாமல் கற்றுக்கொடுத்தார். ஊர் அவரை 'மீசை வைத்த அம்மா' என்று அழைத்தது. அவரைப் பாராட்டக்கூட அம்மா என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனால் அவர் அதற்காக வெட்கப்பட்டதாக நான் எங்கும் படித்ததில்லை.

நீ எழுதாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றாம் வகுப்பு வேண்டாம் என்றதற்குக் காரணம் அந்தப் பயமாகவும் இருக்கலாம். பிள்ளை அழுதால் தூக்கலாமா? பாவாடை நனைந்துவிட்டால் யார் மாற்றுவது? யாராவது தப்பாக நினைத்தால்? இது வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளுக்குத் தீங்கு நடந்திருக்கிறது, பெற்றோர் விழிப்பாக இருக்கத்தான் வேண்டும். அதனால் விதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள். கதவு திறந்திருக்க வேண்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. உடை மாற்றுவதென்றால் பள்ளியின் நடைமுறைப்படி, இன்னொருவருக்குத் தெரிந்து நடக்க வேண்டும். அணைப்பைப் பிள்ளை கேட்டு வர வேண்டும், நீ கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. இவை ஆசிரியைகளுக்கும் சேர்த்துத்தான். உன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்று முகம் சுருக்காதே. விதியை ஒழுங்காகப் பின்பற்றும் ஓர் ஆண் தினமும் கண் முன்னால் இருந்தால்தான் பெற்றோருக்கும் நம்பிக்கை வரும்.

இன்னொன்று. 'பையன்களுக்கு ஆண் முன்மாதிரி தேவை' என்று உன்னிடம் வந்து உருகுவார்கள். அதை நம்பிக் கம்பீரம் காட்டப் போய்விடாதே. பின்லாந்தில் 1989 வரை தொடக்கப் பள்ளி ஆசிரியர் பயிற்சியில் ஆண்களுக்கு 40 விழுக்காடு ஒதுக்கீடு இருந்தது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால் அவர்களில் பலருக்கு இடம் கிடைத்திருக்காது. பிற்பாடு பொருளியல் ஆய்வாளர்கள் இருவர் அந்தக் காலத்து மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஒதுக்கீட்டில் வந்த ஆண் ஆசிரியர்கள் கூடுதலாக இருந்த பள்ளிகளின் பிள்ளைகள் பின்னால் அதிகம் படித்தார்கள். பையன்களுக்கு மட்டும் கிடைத்த லாபம் இல்லை அது, பெண் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பலவகை மனிதர்கள் ஆசிரியராக இருப்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்லது, அவ்வளவுதான். வாசல்படியில் நின்ற அந்தச் சின்னப் பெண்ணுக்கு, கனத்த குரலோடு ஒருவர் தரையில் உட்கார்ந்து தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார் என்பது அன்றுதான் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு.

வேறு படிப்புக்குப் போகலாமா என்று கேட்டிருந்தாய். போகாதே. திங்கட்கிழமை வழிகாட்டி ஆசிரியையிடம் போய், அடுத்த கட்டப் பயிற்சிக்கு ஒன்றாம் வகுப்பைக் கேள். 'உனக்கெதுக்குப்பா?' என்பார்கள். இரண்டாவது தடவையும் கேள். செயலாளர் பதவிக்கு முறையாகத் தேர்தல் வை, நின்று ஜெயித்தால் வைத்துக்கொள். பெஞ்சு தூக்கச் சொன்னால் தூக்கு, ஆனால் பெண்களையும் கூப்பிடு. அவர்களுக்கும் கை இருக்கிறது.

வகுப்புக்குப் போன பிறகு எழுது. பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதை மட்டும் எழுதினால் போதும்.

அன்புடன்,
அக்கா