நெற்றியில் மட்டும் வலி, பக்கவாட்டில் லூஸ்: எந்த ஹெல்மெட்?

அடுத்த பெரிய சைஸ் வாங்காதீர்கள். அரை மணி நேரத்தில் நெற்றி வலிக்கிறது, காதுக்கு மேலே விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் சிக்கல் அளவில் இல்லை, வடிவத்தில். உங்கள் தலை முன்பின்னாக நீளமானதாக இருக்கலாம்; பெரும்பாலான ஹெல்மெட்டுகள் நடுத்தர முட்டை வடிவத்துக்கே செய்யப்படுகின்றன. சைஸைக் கூட்டினால் நெற்றி தப்பிக்கும், ஆனால் ஹெல்மெட் தலையில் ஆடும். விழுந்தால் கழன்றும் போகலாம்.

முதலில் முடியை நனைத்துப் படிய வாரி, உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் இது தெரியாது. படத்தில் தலை நன்றாக நீண்டு தெரிந்தால் 'லாங் ஓவல்' என்று கேட்டுத் தேடுங்கள். அராய் என்ற ஜப்பானிய ஹெல்மெட் நிறுவனத்தின் சிக்னெட்-எக்ஸ் மாடல் அந்த வகை.

வாங்கும் முன் அரை மணி நேரமாவது போட்டுக்கொண்டே இருங்கள். (கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.) கழற்றியதும் நெற்றியில் ஒரே இடத்தில் சிவந்திருந்தால் அது வேண்டாம். கன்னம் இறுக்கமாக இருப்பது வேறு விஷயம், அந்தப் பஞ்சு நாளடைவில் அமுங்கிவிடும்.

அப்புறம், உள்ளே இருக்கும் கெட்டியான தெர்மாகோலை அழுத்தியோ சுரண்டியோ இடம் பண்ணாதீர்கள். அடியை வாங்குவதே அதுதான்.