பிபி நார்மல் ஆகிவிட்டதாம், அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார்!

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷமாக பிபி மாத்திரை சாப்பிட்டு வந்தார். போன மாதம் டாக்டர் பார்த்தபோது 124/80 இருந்திருக்கிறது. ‘சரியாகிவிட்டது’ என்று அன்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் பூண்டு சாப்பிடுகிறார். தலைவலி, தலைசுற்றல் எதுவும் இல்லை. நான் வாங்கிய மெஷினில் பார்த்தால் 158 என்கிறது, உடனே மறுபடி பார்த்தால் 146 என்கிறது. ‘இதை ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது’ என்று சண்டை போடுகிறார். என்ன செய்வது? – பெயர் வேண்டாம், ராஜபாளையம்

பதில்: அந்த 124/80 மாத்திரை போட்டதால் வந்த நம்பர் அம்மா. மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், நோய் போய்விட்டது என்று இல்லை. எங்கள் கிளினிக்கில் வாரம் தவறாமல் யாராவது ஒருவர் இதே கதையோடு வருவார், அதுவும் பெரும்பாலும் நிறுத்தி இரண்டு மூன்று மாதம் கழித்து.

நிறுத்தியவுடன் எதுவும் தெரியாது, அதுதான் ஏமாற்றுகிறது. அம்லோடிபின் மாதிரி மாத்திரைகள் உடம்பில் சில நாள் தங்கும், அதனால் முதல் நான்கைந்து நாள் பிபி நன்றாகவே இருக்கும், ‘பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை’ என்று அப்பாவும் சொல்வார். அப்புறம் மெல்ல ஏறும். ஏறினாலும் தலைவலியோ பிடரி வலியோ வரவேண்டும் என்று கட்டாயமில்லை. முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் உள்ளே இதயம், கிட்னி, கண், மூளை ரத்தக்குழாய் எல்லாம் அடி வாங்கிக்கொண்டிருக்கும். தொந்தரவு இல்லை என்பதை வைத்து பிபி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

மெஷின் மாற்றி மாற்றிக் காட்டுவது கோளாறு இல்லை, பிபி நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். மாடிப்படி ஏறி வந்த மனிதரைப் பிடித்து உட்காரவைத்து, ‘ஏன்ப்பா மாத்திரை போடவில்லை’ என்று கேட்டுக்கொண்டே பட்டையைச் சுற்றினால் 158 என்ன, 170கூடக் காட்டும். காபி, பீடி, சிகரெட் குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும், முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும். சட்டைக் கைமேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்றுங்கள், கை மார்பு உயரத்துக்கு மேஜைமேல் இருக்கட்டும், யாரும் பேச வேண்டாம். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். இப்படி காலையும் மாலையும் ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மற்றதுக்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85-ஐத் தொட்டாலே பிபி அதிகம்தான், டாக்டர் அறையில் எடுத்தால் அந்தக் கோடு 140/90. அந்தக் காகிதத்தோடு பழைய மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடமே போங்கள். விட்ட மாதத்துக்கு ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு மாத்திரையாகப் போட வேண்டாம். இன்னொன்று, அட்டையில் அட்டினலால், மெட்டோப்ரோலால், க்ளோனிடின் என்று ஏதாவது இருந்தால் ஒரு வாரம் காத்திருக்காமல் இன்றே டாக்டருக்குப் போன் போடுங்கள், அவையெல்லாம் பட்டென்று நிறுத்தக்கூடாத மருந்துகள்.

சரி, அவர் நிஜமாகவே ஏன் நிறுத்தினார்? ‘நார்மல் ஆகிவிட்டது’ என்பது பல சமயம் வெளியில் சொல்கிற காரணம். அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில், ராமிப்ரில் வகையில் வறட்டு இருமல் வரும், அதைச் சளி என்று நினைத்து டானிக்காகக் குடித்துத் தீர்ப்பார்கள். நீர் பிரியும் மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் கெடும், காலைக்கு மாற்றினாலே போதும். இன்னும் சில தொந்தரவுகளை ஆண்கள் மகளிடம் சொல்லவே மாட்டார்கள். அதனால் டாக்டரிடம் போகும்போது ஐந்து நிமிஷம் அவரைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள். மருந்தை மாற்ற நிறைய வழி இருக்கிறது, சொன்னால்தானே மாற்ற முடியும்.

ஆயுசுக்கும் சாப்பிட வேண்டுமா என்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆமாம். ஆனால் உடம்பு பழகிப்போய் அடிமையாகிவிடுவதால் இல்லை, பிபியே கூடவே இருக்கிற நோய் என்பதால். எடை குறைத்து (ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு பாயின்ட் இறங்கும்), தினமும் நடந்து, குடியை விட்டு, உப்பைக் குறைத்தவர்களுக்கு நானே டோஸைப் பாதியாக்கியிருக்கிறேன், சிலருக்கு முழுசாக நிறுத்தியும் பார்க்கலாம். அதை மாதாமாதம் அளந்துகொண்டே டாக்டர் செய்ய வேண்டும்.

உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் குறைத்துவிட்டு அப்பளம், ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு என்று தட்டில் அடுக்கினால் கணக்கு எங்கே நிற்கும்? இந்துப்பு போடுகிறோம் டாக்டர் என்பார்கள், அதுவும் சோடியம்தான். பூண்டு சாப்பிடட்டும், குழம்பிலேயே நிறைய போடுங்கள், மாத்திரையின் வேலையை அது செய்யாது.

மில்லில் நின்று வேலை பார்த்தவர் என்கிறீர்கள், முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக் ஏதாவது போடுகிறாரா என்று விசாரியுங்கள். இவை பிபியை ஏற்றும், கிட்னிக்கும் ஆகாது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, இதில் எது வந்தாலும் பிபி மெஷினைத் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதெல்லாம் இல்லாமல் மேல் நம்பர் 180, அல்லது கீழ் நம்பர் 120-ஐத் தாண்டினால், ஐந்து நிமிஷம் அமைதியாக உட்காரவைத்து மறுபடி பாருங்கள், அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டர்.

செலவுதான் தயக்கம் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிபி மாத்திரை இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் கொடுக்கிறார்கள், உங்கள் பகுதிக்கு வரும் பணியாளரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். ஆமாம், உங்களுக்கு வயது 30 தாண்டிவிட்டதா? அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வர வாய்ப்பு அதிகம், அந்த மெஷினில் வருஷம் ஒரு தடவையாவது உங்கள் கையையும் வைத்துப் பாருங்கள்.