ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா? எந்தப் பாடத்துக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை நான். ஆறு முதல் எட்டு வரை 83 பிள்ளைகள். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து இரண்டு லட்சம் ரூபாய் தர முன்வந்திருக்கிறார்கள். வகுப்பறையை டிஜிட்டல் ஆக்க வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஏஜென்ட் ஒருவர் 75 அங்குலத் தொடுதிரை போர்டும் ஐந்து வருடத்துக்கான பாட வீடியோக்களும் சேர்த்து 1,85,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். மாதக் கடைசிக்குள் பாதிப் பணம் கட்டினால் தள்ளுபடி உண்டாம். பள்ளியில் இணையம் வரும், போகும். பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பார்வை மிகக் குறைந்த ஒரு பெண் படிக்கிறாள். அவளுக்கும் பயன்பட வேண்டும். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் டீச்சர். முன்பணமும் கட்ட வேண்டாம். தள்ளுபடி போய்விடுமே என்று கவலைப்படாதீர்கள். மாதக் கடைசி என்பது அவருடைய விற்பனைக் கெடு. அடுத்த மாதமும் வருவார், கொஞ்சம் குறைத்தே கேட்பார்.

அந்த கொட்டேஷனை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். போர்டுக்கு எவ்வளவு, வீடியோக்களுக்கு எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கிறதா? பெரும்பாலும் 'ஸ்மார்ட் கிளாஸ் செட்' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த வியாபாரத்தில் லாபம் ஒளிந்திருப்பது அந்த ஒற்றை வரியில்தான். போர்டின் விலையைக் கடையில் விசாரித்துவிடலாம். வீடியோவின் விலையை யாராலும் விசாரிக்க முடியாது.

அந்த வீடியோக்களுக்குக் காசு கொடுக்கவே தேவையில்லை. நம் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் கோடு அச்சிட்டு வருகிறார்கள். அதை அரசின் திக்‌ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் ஓடும். கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. எல்லாம் இலவசம். ஏஜென்ட் தருவதில் பாதி, வேறு பாடத்திட்டத்துக்கு எடுத்துத் தமிழில் குரல் மட்டும் சேர்த்ததாக இருக்கும். உங்கள் புத்தகத்தில் ஒரு முறையில் போட்ட கணக்கை அதில் வேறு முறையில் போடுவார்கள். பிள்ளைகள் குழம்பும், நீங்கள் மறுபடி நடத்துவீர்கள்.

அவர் செய்முறை காட்ட வரும்போது இதைச் செய்யுங்கள். அவருடைய செல்போன் ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்லிவிட்டு, நீங்களே ஏழாம் வகுப்பு இரண்டாம் பருவ அறிவியல் புத்தகத்தைத் திறந்து, ஏதாவது ஒரு பக்கத்தைக் காட்டி, 'இந்தப் பாடத்தைப் போடுங்கள்' என்று கேளுங்கள். அவர் எப்போதும் காட்டும் இதயத் துடிப்பு வீடியோவையும் சூரியக் குடும்பத்தையும் பார்க்காதீர்கள். அவை எல்லாப் பள்ளியிலும் அழகாகத்தான் ஓடும்.

இன்னும் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும். வீடியோக்கள் அந்த போர்டில் மட்டும்தான் ஓடுமா என்று கேளுங்கள். ஆமாம் என்றால், போர்டு பழுதானால் பாடமும் போனது. ஐந்து வருடம் முடிந்தால் மறுபடி அவர் காலடிக்குத்தான் போக வேண்டும். அடுத்து, 'ரிஜிஸ்டர் பண்ண வேண்டும்' என்று பிள்ளைகளின் பெயரும் பெற்றோரின் செல்போன் எண்ணும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். கொடுத்த கொஞ்ச நாளில் பெற்றோருக்கு டியூஷன் செயலி விற்கும் அழைப்புகள் வரத் தொடங்கும். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. மூன்றாவது, சொல்லவே கூசுகிற விஷயம். உங்களைத் தாண்டித் தாளாளரிடமோ, நன்கொடை திரட்டியவரிடமோ போய் 'பில்லைக் கூட்டிப் போட்டுத் தருகிறேன்' என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அதனால் மூன்று கொட்டேஷன் வாங்குங்கள், பில் பள்ளியின் பெயரில் இருக்கட்டும், பணம் காசோலையாகவோ வங்கி வழியாகவோ போகட்டும், பொருள் இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும். நன்கொடையாளர்களிடம் எல்லாவற்றையும் காட்டுங்கள். பிறகு ஒரு பேச்சு வந்தால் உங்கள் பெயர்தான் கெடும், ஏஜென்ட் பெயர் அல்ல.

சரி, அப்படியானால் தொழில்நுட்பமே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் கரும்பலகையும் சாக்பீஸும் செய்ய முடியாத எதை அது செய்யப்போகிறது என்று சொல்ல முடிந்தால்தான் வேண்டும். பாடத்தைத் திரையில் ஓடவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னால், அது பழைய ஒப்புவித்தல்தான், வெளிச்சம் மட்டும் கூடுதல். உலகம் முழுக்க இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றிருக்கிறார்கள். பெரு நாட்டில் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் லேப்டாப் கொடுத்துவிட்டு ஆராய்ந்து பார்த்தார்கள். கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் இல்லை என்று 2012-ல் முடிவு வந்தது. டெல்லியில் வேறொரு முயற்சி நடந்தது. பிள்ளை எந்த வகுப்பு என்று பார்க்காமல், உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து பாடம் கொடுக்கும் மென்பொருள். பள்ளி நேரத்துக்குப் பிறகு, ஆசிரியர் துணையோடு. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக 2019-ல் ஆய்வு வெளியானது. இரண்டு இடத்திலும் கணினிதான். பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்ததில்தான் வித்தியாசம்.

உங்கள் பள்ளியில் அதைச் செய்ய மென்பொருள்கூட வேண்டாம். 403-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பிலும் நாலைந்து பிள்ளைகள் 375 என்று எழுதியிருக்கும். 3-லிருந்து 8 போகாது, அதனால் 8-லிருந்து 3 போனால் 5. பூஜ்யத்திலிருந்து 7 போகாது, அதனால் 7. நாலில் ஒன்று போக மூன்று. அந்தப் பிள்ளை கவனக்குறைவாகப் போடவில்லை. ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது, விதிதான் தப்பு. நீங்கள் கரும்பலகையில் 225 என்று சரியான விடையை எழுதிக் காட்டினால் அது பார்த்து எழுதிக்கொள்ளும், விதி மாறாது.

இப்போது மேசைக்கு மேல் ஒரு தாங்கியில் சின்ன வெப்கேமராவைக் கீழ்நோக்கிப் பொருத்தி, லேப்டாப் வழியாகத் திரையில் இணையுங்கள். நோட்டுப் புத்தகத்தில் பெயர் இருக்கும் பக்கத்தை மறைத்து, அந்தக் கணக்கை மட்டும் வையுங்கள். 'இதைப் போட்டவர் என்ன யோசித்திருப்பார்?' என்று வகுப்பைக் கேளுங்கள். தப்பு என்று சொல்லாதீர்கள். ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளே அந்த விதியைக் கண்டுபிடிப்பார்கள். 375-ஐயும் 178-ஐயும் கூட்டிப் பார்த்து, 553 வருகிறது, 403 வரவில்லை என்று யாராவது ஒருவர் கத்துவார். எந்த வீடியோவும் இதைத் தராது, ஏனென்றால் உங்கள் வகுப்புப் பிள்ளை எழுதியது எந்த வீடியோவிலும் இல்லை. கேமரா இரண்டு, மூன்றாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். செல்போனையே கேமராவாக்கி நேரே டிவியில் மாட்டலாம் என்று கடைக்காரர் ஒரு கேபிளை விற்கப் பார்ப்பார். பல போன்களின் சார்ஜர் துளை வழியாகப் படம் வெளியே வராது. வீணாக வாங்காதீர்கள்.

அறிவியலுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் மின்னியல் இருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு பல்பைத் தொடராக இணைத்தால் முதல் பல்பு பிரகாசமாக எரியும், மிச்ச மின்சாரம்தான் இரண்டாவதுக்குப் போகும் என்று பல பிள்ளைகள் நம்புகிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய ஃபெட் என்ற இலவசத் தளத்தில் மின்சுற்று கட்டிப் பார்க்கும் செயல்விளக்கம் இருக்கிறது. அதன் கோப்பை ஒருமுறை இறக்கி லேப்டாப்பில் வைத்துவிட்டால் இணையம் தேவையில்லை. பல செயல்விளக்கங்கள் தமிழிலும் இருக்கின்றன. சுற்றைக் கட்டிவிட்டு, சுவிட்ச் போடுவதற்கு முன் நிறுத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த பல்பு பிரகாசம் என்று நோட்டில் எழுதட்டும். எழுதாமல் போடாதீர்கள். எழுதினால்தான் தன் கணிப்பு பொய்த்தது பிள்ளைக்குத் தெரியும். இல்லாவிட்டால் 'நானும் அதைத்தான் நினைத்தேன்' என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். இரண்டும் ஒரே அளவில் எரியும். எலக்ட்ரான்கள் சுற்று முழுவதும் ஒரே வேகத்தில் நகர்வதைக் கண்ணால் பார்ப்பார்கள். பல்பு இல்லாமல் வயரை மட்டும் பேட்டரியின் இரு முனைக்கும் கொடுத்தால் திரையில் தீப்பிடிக்கும். அதை வகுப்பில் நிஜமாகச் செய்து காட்ட முடியாது. ஆனால் நிஜ பேட்டரியும் டார்ச் பல்பும் வயரும் கொடுத்துப் பிள்ளைகளைக் கையால் இணைக்கவிடும் வேலையைத் திரை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை முதல் நாளே செய்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானுக்கு மட்டும் திரை போதும்.

இப்படி ஒரு பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாங்கக் கிளம்பினால் பட்டியல் சின்னதாகிவிடும். சாதாரண 65 அங்குல டிவி போதும். கடைசி வரிசைப் பிள்ளை திரையின் உயரத்தைப் போல் ஆறு மடங்கு தூரத்துக்குள் உட்கார வேண்டும். 65 அங்குலத்துக்கு அது சுமார் 16 அடி. ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், பகலில் ஒன்றும் தெரியாது. லேப்டாப் பழையது என்றால் தூக்கிப் போட வேண்டாம். உள்ளே இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கை மாற்றி, எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்புக் கருவியைப் போட்டால் சில ஆயிரத்தில் வேகம் வந்துவிடும். நல்ல ஸ்பீக்கர், ஓர் இன்வெர்ட்டர், பேட்டரி. இதெல்லாம் ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வரும். மீதியில் பெரும்பங்கைப் பழுதுபார்க்கவும் மூன்று வருடம் கழித்து இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றவும் தனியாக வையுங்கள். கோடை விடுமுறையில் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பூட்டுங்கள்.

அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி இனி. அவளுக்கு மட்டும் நான் இதுவரை சொன்னது எதுவும் பொருந்தாது. பொது வகுப்புக்குத் தனித்தனி டேப்லெட் வாங்காதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். அவளுக்கு வாங்குங்கள், முதல் செலவாக வாங்குங்கள். 65 அங்குலம் என்ன, 100 அங்குலத் திரை வைத்தாலும் பார்வை மிகக் குறைந்தவளுக்கு அது பலன் தராது. முன் வரிசையில் உட்காரவைத்தாலும் அண்ணாந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்குத் தேவை கண்ணுக்கு அருகில், அவளே பெரிதாக்கிக்கொள்ளக்கூடிய ஒன்று. சாதாரண ஆண்ட்ராய்டு டேப்லெட்டிலேயே திரையைப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது, கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக மாற்றலாம், திரையில் இருப்பதை டாக்பேக் என்ற குரல் வசதி தமிழில் வாசித்துக் காட்டும். கரும்பலகையைப் போட்டோ எடுத்து விரலால் விரித்துப் பார்த்தாலே பாதிப் பாடம் அவளுக்குக் கிடைத்துவிடும். ஹெட்போன் மாட்டிக் கொடுங்கள், மற்ற பிள்ளைகளுக்கு இடைஞ்சல் இருக்காது. எவ்வளவு பெரிய எழுத்து, எந்த நிறம் என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. அவளிடமே கேளுங்கள், ஒரு வாரம் மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார். எழுத்தில் கோரிக்கை கொடுத்து வரவழையுங்கள். கண் பரிசோதனையும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் ஆகியிருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று ஒரு பருவமே போய்விடும். அந்த டேப்லெட்டை அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். உடைந்துவிடுமே என்று பயந்து வைத்த கருவிகள் பயன்படாமலே பழசாவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமைதான் மிச்சம். உடைந்தால் உடையட்டும், அதற்குத்தான் பழுதுநிதி வைக்கச் சொன்னேன். வீட்டுக்கும் கொடுத்தனுப்புங்கள்.

பூட்டி வைக்கும் வழக்கம் ஆசிரியர்களின் குற்றம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதனம் வந்த அன்றே போட்டோ கேட்கிறார்கள். எத்தனை வந்தது, எத்தனை வேலை செய்கிறது என்று படிவம் வருகிறது. தொலைந்தால் ஆசிரியர் பொறுப்பு. அதை வைத்து எந்தப் பிள்ளைக்குக் கழித்தல் வந்தது என்று ஒரு சுற்றறிக்கையும் கேட்பதில்லை. பயிற்சி என்று ஒருநாள் கூட்டி, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லி அனுப்புகிறார்கள். எந்தக் கேள்வியைக் கேட்பது என்று சொல்வதில்லை. எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் விவரங்களைப் பதியவே நேரம் போதாத ஆசிரியர் எப்போது உட்கார்ந்து ஃபெட் பழகுவார்? உங்கள் பள்ளியில் அந்த நேரத்தை நீங்கள் கொடுங்கள். கணக்கு, அறிவியல் ஆசிரியருக்கு வாரம் ஒரு பாடவேளை இதற்கென்றே விடுங்கள். இரண்டு லட்சத்தில் வாங்க முடியாதது அது ஒன்றுதான்.

முன்னாள் மாணவர்களுக்குப் பெரிய போர்டு இல்லாதது ஏமாற்றமாக இருக்கலாம். அவர்களை ஒரு வேலைநாளில் வரச் சொல்லி, அந்த 403 கழித்தல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்காரவையுங்கள். முழுப் பணத்தையும் ஒரே நாளில் கேட்காதீர்கள். முதலில் டேப்லெட், கேமரா, எஸ்எஸ்டி மட்டும் வாங்குங்கள். கேமராவுக்கு யார் வீட்டிலாவது சும்மா இருக்கும் டிவியை இரவல் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாளாவது ஆசிரியர்கள் தாங்களாகவே அதைப் போட்டால் புது டிவிக்கும் இன்வெர்ட்டருக்கும் ஆர்டர் கொடுக்கலாம். போடவில்லை என்றால் மீதிப் பணம் நன்கொடையாளர்களிடமே இருக்கட்டும். ஏன் போடவில்லை என்று ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு அப்புறம் எனக்கு எழுதுங்கள்.