பாப் ஸ்மியர்ல ஆஸ்கஸ்னு வந்திருக்கு, 29 வயசு, பயப்படணுமா?

கேள்வி கேட்ட அம்மிணி, உங்களுக்கு 29 வயசு, குழந்தைக்காக ட்ரீட்மென்ட் போன இடத்துல பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயில லேசாத் தடவி செல்லை எடுத்துப் பார்க்கற டெஸ்ட், எடுத்து ஆஸ்கஸ்னு ரிப்போர்ட் குடுத்திருக்காங்க, இது கேன்சரா, இனி குழந்தை நிக்குமா, மாமியார் வீட்ல சொல்லணுமான்னு மூணையும் ஒண்ணா கேட்டிருக்கீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்டிருக்கீங்கன்னு பார்த்தப்பவே தூக்கம் இல்லாம கெடக்கறீங்கன்னு தெரியுது. மொதல்ல பதிலைச் சொல்லிடறேன். ஆஸ்கஸ்ங்கறது செல் லேசா மாறியிருக்கு, எதனாலன்னு லேப்காரங்களால உறுதியாச் சொல்ல முடியலங்கற ரிப்போர்ட், கேன்சர்னு சொல்ற ரிப்போர்ட்டே இல்ல. குழந்தை நிக்கறதை இது தடுக்காது. வீட்ல சொல்றதைப் பத்தி கடைசியில வர்றேன், அதுல எனக்குத் தீராத ஆத்தாமை ஒண்ணு இருக்கு.

நான் டாக்டர் இல்லீங்க. ஈரோடு பக்கம் ஒரு ஜவுளிக் கம்பெனியில கணக்குப் பார்க்கறேன், அவ்வளவுதான். "டாக்டர்கிட்ட போகாம இங்க வைத்தியம் சொல்றாங்க"ன்னு யாரும் வந்து சண்டை போட வேண்டாம், டாக்டர்கிட்ட போறப்ப என்ன கேக்கணும்னுதான் சொல்றேன். எங்க குடும்பத்துல எங்கக்கா பொண்ணுக்கு 24 வயசுல, எனக்கு 41ல, எங்கம்மாவுக்கு 63ல இந்த மாதிரி ரிப்போர்ட் வந்துச்சு. மூணு பேருக்கும் பார்த்த வைத்தியம் மூணு விதம். வயசைப் பார்க்காம இந்த ரிப்போர்ட்டைப் படிக்கவே கூடாதுங்கறது என் கட்சி, அது ஏன்னு சொல்றேன்.

எச்பிவின்னு ஒரு வைரஸ்தான் கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய்க்கு மூலகாரணம். ஹரால்ட் சூர் ஹாஸன்னு ஜெர்மனிக்காரர் 1983லயும் 84லயும் அந்த வைரஸ்ல 16, 18னு ரெண்டு வகையைப் பிரிச்சுக் காமிச்சார், அதுக்கு 2008ல நோபல் பரிசு குடுத்தாங்க. இந்தக் கேன்சர்ல 70 சதவீதம் வரைக்கும் அந்த ரெண்டு வகைதான் காரணம். ஆனா வைரஸ் ஒட்டிக்கிட்ட எல்லாருக்கும் கேன்சர் வர்றதில்ல. தாம்பத்யம் நடத்தற முக்கால்வாசிப் பேருக்கு மேல வாழ்க்கையில எப்பவாவது இது வந்துட்டுப் போகுது, உடம்பே ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல துரத்திடுது. போகாம வருஷக்கணக்கா தங்கிட்டாத்தான் வினை, அப்பவும் கேன்சரா மாற சாதாரணமா 15, 20 வருஷம் ஆகும். இருபதுகள்ல வைரஸ் வர்றதும் ஜாஸ்தி, போறதும் ஜாஸ்தி. நாப்பதுல பாசிட்டிவ்னா அது பல வருஷமா தங்கினதா இருக்க வாய்ப்பு அதிகம். வயசு முக்கியம்னு நான் சொல்றது இதுக்குத்தான்.

எங்கக்கா பொண்ணு கதை சின்னது. வெள்ளைப்படுதுன்னு போனா, ஸ்மியர் எடுத்தாங்க, எல்சில்னு வந்துச்சு. எல்சில்ங்கறது உங்க ஆஸ்கஸுக்கு ஒரு படி மேல. புள்ள ரெண்டு நாள் சோறு திங்கல. அந்த டாக்டரம்மா நல்லவங்க, 25 வயசுக்குள்ள இதுக்குக் கத்தி வைக்க மாட்டாங்க, ஒரு வருஷம் கழிச்சுத் திரும்ப எடுத்துப் பார்ப்போம்னு அனுப்பிட்டாங்க. எங்கக்காவுக்கு அது ஒப்பல, "ஒண்ணுமே பண்ணாம அனுப்பறாங்களே"ன்னு ஒரே புலம்பல். சின்ன வயசுல அவசரப்பட்டுக் கர்ப்பப்பை வாயை வெட்டினா பின்னாடி பிரசவம் மாசம் முடியறதுக்குள்ள ஆகற வாய்ப்பு கொஞ்சம் கூடுதுங்க, அதனாலதான் காத்திருந்து பார்க்கறாங்க. அடுத்த வருஷம் நார்மல்னு வந்துச்சு. இப்ப அவளுக்கு ஒரு பையன்.

என் கதை அப்படி இல்ல.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்ல. கம்பெனியில வருஷாந்திர செக்கப்னு கூட்டிட்டுப் போனாங்க, அதோட ஸ்மியரும் எடுத்தாங்க. ஹெச்சில்னு வந்துச்சு, அதாவது செல் மாற்றம் பலமா இருக்குன்னு அர்த்தம், இதைச் சும்மா விடக்கூடாது. ரிப்போர்ட்டை எடுத்துட்டு எங்க டவுன்ல பேர் போன ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தம்மா பேப்பரைப் பார்த்தாங்க, என்னைப் பார்க்கல. "எத்தனை குழந்தை?" ரெண்டுங்க. "ஃபேமிலி பிளானிங் பண்ணியாச்சா?" ஆச்சுங்க. "அப்புறம் எதுக்கு இந்தப் பை, எடுத்துடலாம், வர்ற வெள்ளிக்கிழமை அட்மிட் ஆகிடுங்க." டேபிள்ல ஏத்திக்கூடப் பார்க்கல. வெளியில வந்தா கவுண்டர்ல இன்சூரன்ஸ் கார்டு இருக்கான்னு கேக்கறாங்க.

எங்க பக்கம் நாப்பது தாண்டின பொம்பளைங்ககிட்ட கேட்டுப் பாருங்க, கர்ப்பப்பை எடுத்தவங்க எத்தனை பேருன்னு. ரத்தப்போக்கு ஜாஸ்தியா எடுத்துடு, கட்டியா எடுத்துடு, ஸ்மியர் சரியில்லையா எடுத்துடு. புள்ள பெத்து முடிஞ்சா அந்த உறுப்புக்கு மரியாதை முடிஞ்சுபோச்சு. நான் எல்லா டாக்டரையும் சொல்லல, என்னைக் காப்பாத்தினதும் டாக்டர்தான். ஆனா பயாப்ஸி, அதாவது சின்னத் துண்டு எடுத்து லேப்ல பார்க்கறது, பண்ணாம பையை எடுக்கறது ஆபத்துங்க. உள்ளாற நெஜமாவே கேன்சர் ஆரம்பிச்சிருந்துச்சுன்னா அதுக்குப் பண்ற ஆபரேஷனே பெரும்பாலும் வேற, பெரிசு, சுத்தியிருக்கற திசுவையும் நெறிகட்டியையும் சேர்த்து எடுக்கணும். சாதாரணமா எடுத்துத் தச்சுட்டு, அப்புறம் லேப்ல கேன்சர்னு வந்தா அந்தப் பொம்பளை கதி என்ன? கேன்சர் இல்லாம ஹெச்சில் மட்டும்னா கர்ப்பப்பை வாயில ஒரு சின்ன துண்டை எடுத்தாப் போதும், பை பத்திரமா இருக்கும். ரெண்டுல எதுவானாலும் வர்ற வெள்ளிக்கிழமைங்கறது தப்பான பதில்.

எனக்கு அன்னிக்கு இதெல்லாம் தெரியாது. டேபிள்ல ஏத்திப் பார்க்காம எப்படிச் சொல்றாங்கன்னு ஒரு கோபம் மட்டும்தான். லேப்ல போய் என் ஸ்மியர் தடவின கண்ணாடி ஸ்லைடைக் கேட்டேன், கேட்டா எழுதி வாங்கிட்டுத் தர்றாங்க, இது நெறயப் பேருக்குத் தெரியாது. அதை எடுத்துட்டு கோயமுத்தூர்ல வேற ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க கால்போஸ்கோப்பி பண்ணினாங்க. பயப்படற மாதிரி இல்ல, ஸ்மியர் எடுக்கறப்ப போடற அதே ஸ்டீல் கருவிதான், சில்லுனு இருக்கும், வெளியில இருந்தே பூதக்கண்ணாடி மாதிரி ஒரு மெஷின்ல பார்க்கறாங்க. பஞ்சுல அசிட்டிக் ஆசிட் தொட்டு வைப்பாங்க, ஊறுகாய்க்கு ஊத்தற வினிகர் வாசனை அப்படியே ரூம் பூரா அடிக்கும். மெஷின்ல தெரியறதைக் காட்டற பக்கத்து டிவியையே நான் பார்த்துட்டு இருந்தேன். மொதல்ல எல்லாமே ரோஸ் கலர், ஒரு நிமிஷத்துல ஒரு ஓரம் மட்டும் ஈரச் சுண்ணாம்பு காயக் காய வெளுக்கற மாதிரி வெள்ளையா எழும்பி வந்துச்சு. டாக்டரம்மா பேனாவால அந்த எடத்தைச் சுட்டிக்காட்டி "இதாங்க உங்க ஹெச்சில், இவ்வளவுதான், கேன்சர் மாதிரி எதுவும் தெரியல, துண்டு எடுத்து அனுப்பறேன்"னாங்க. என் உடம்புக்குள்ள இருக்கறதை எனக்கே காட்டி ஒருத்தர் பேசினது அன்னிக்குத்தான்.

பயாப்ஸியில சின் 3னு வந்துச்சு, கேன்சருக்கு முந்தின நிலை. மரத்துப்போக ஊசி போட்டு, கரண்ட் ஓடற மெல்லிசுக் கம்பி வளையத்தால அந்த எடத்தை மட்டும் வழிச்சு எடுத்தாங்க, லீப்னு பேரு. லேசாத் தீஞ்ச வாசனை வரும், அடிவயித்துல பீரியட்ஸ் வலி மாதிரி இழுக்கும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துட்டேன். கொஞ்ச நாளைக்கு குடம் தூக்கக்கூடாது, புருஷனோட சேரக்கூடாதுன்னாங்க. ஆறு மாசத்துல எச்பிவி டெஸ்ட் எடுத்தாங்க, நெகட்டிவ். இனி நடுவுல நடுவுல டெஸ்ட் எடுத்துட்டே இருக்கணும், சின் 3 வந்தவங்க 25 வருஷமாவது பார்த்துக்கணுமாம். எடுத்துக்கறேன்.

"அப்ப லீப்பும் வேண்டாம், தானாப் போயிடும், கஷாயம் குடி"ன்னு கமெண்ட்ல ஒருத்தர் வருவார், அவருக்கும் சொல்லிடறேன். நியூசிலாந்துல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில அந்தக் காலத்துல சின் 3 இருந்த பொம்பளைங்கள்ல கொஞ்சப் பேருக்கு ஒழுங்கா வைத்தியம் பண்ணாம பார்த்துட்டே இருந்திருக்காங்க. அதுல பத்துல மூணு பேருக்கு 30 வருஷத்துக்குள்ள கேன்சர் வந்துச்சு. அதனால கஷாயத்தை நம்பியும் விடக்கூடாது, வெள்ளிக்கிழமைக்குள்ள பையை எடுக்கற அவசரமும் இல்ல. நடுவுல ஒழுங்கா டெஸ்ட் பண்ண நேரம் இருக்கு.

எங்கம்மாவுக்கு உங்களுக்கு வந்த அதே ஆஸ்கஸ்தான், 63 வயசுல. எனக்கு இப்படி ஆனதுக்கப்புறம் வம்பா இழுத்துட்டுப் போனேன், "பேரன் பேத்தி எடுத்த வயசுல என்னைய எங்கடி ஏத்தறே"ன்னு வழி பூரா திட்டு. அந்த வயசுல ஹார்மோன் கொறஞ்சு உள்தோல் மெலிஞ்சு வறண்டு போறதால செல்லே ஒரு மாதிரி தெரியுமாம். கொஞ்ச வாரத்துக்கு ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வைக்கச் சொல்லி, அப்புறம் எடுத்தா நார்மல், எச்பிவியும் நெகட்டிவ். ஆனா பீரியட்ஸ் நின்ன பொம்பளைக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், ஸ்மியர் நார்மலா இருந்தாலும், டாக்டர்கிட்ட போயே ஆகணும். அதை மட்டும் வயசு மேல பழி போட்டு விட்டுடாதீங்க.

இப்ப உங்களுக்கு வர்றேன். 29 வயசு, ஆஸ்கஸ். எச்பிவி டெஸ்ட் பண்ணியிருக்காங்களான்னு கேளுங்க. நெகட்டிவ்னா அடுத்த டெஸ்ட் மூணு வருஷம் கழிச்சுத்தான், நிம்மதியா ட்ரீட்மென்டைத் தொடருங்க. பாசிட்டிவ்னா கால்போஸ்கோப்பி பார்க்கச் சொல்வாங்க, நான் மேல சொன்னதுதான். எச்பிவி டெஸ்டுக்கு வசதி இல்லைன்னா ஒரு வருஷத்துல ஸ்மியர் திரும்ப எடுக்கணும். ரிப்போர்ட்ல இன்ஃப்ளமேட்டரின்னு மட்டும் போட்டிருந்தா அது புண்ணு, தொற்று சமாச்சாரம், கேன்சர் கணக்குல வராது. திரும்ப எடுக்கறப்ப பீரியட்ஸ் நாள்ல போகாதீங்க, ரெண்டு நாள் முன்னாடியே உள்ள வைக்கற மாத்திரை, க்ரீம், தாம்பத்யம் எல்லாத்தையும் நிறுத்திடுங்க.

காசு இல்லைங்கறவங்க 30 வயசுக்கு மேல இருந்தா பி.ஹெச்.சி.யில வினிகர் தொட்டுப் பார்க்கற டெஸ்ட் இலவசம். அதை மட்டமா நினைக்காதீங்க. நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலதான் 30லிருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்களுக்கு அந்த டெஸ்டைப் பண்ணிப் பார்த்தாங்க, கேன்சர் வர்றது 25 சதவீதமும் அதனால சாவு 35 சதவீதமும் கொறஞ்சுதுன்னு 2007ல லான்செட் பத்திரிகையில வந்துச்சு. முப்பதுகள்ல இருந்தவங்களுக்குத்தான் பலன் ரொம்பத் தெரிஞ்சுது. அம்பது தாண்டினா பார்க்க வேண்டிய எடம் உள்ளாற போயிடுது, அவங்களுக்கு ஸ்மியரோ எச்பிவி டெஸ்டோதான் சரி. இவ்வளவு இருந்தும் 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 30லிருந்து 49 வயசுப் பொம்பளைங்கள்ல கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய்க்கான டெஸ்டை ஒரு தடவையாவது பண்ணினவங்க நாடு பூரா நூத்துக்கு ரெண்டு பேர்கூட இல்ல. தமிழ்நாட்டுல பத்துல ஒருத்தர் கிட்ட, அதுவே பெரிசுன்னு சொல்லிக்கறோம்.

இன்சூரன்ஸைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். பை எடுக்கற ஆபரேஷனுக்கு, அட்மிட் ஆனா முழுசாத் தர்றேங்கறாங்க. ஆபரேஷனே வேண்டாம்னு கண்டுபிடிச்ச கால்போஸ்கோப்பிக்கும் பயாப்ஸிக்கும், அட்மிட் ஆகலைன்னு ஒத்தப் பைசா தரல. மாசாமாசம் பிரீமியம் பிடிக்கறப்ப மட்டும் எந்தக் கேள்வியும் இல்ல. இதை எங்க போய்ச் சொல்றது?

வீட்ல சொல்றது. என் ரிப்போர்ட் எனக்கு வரல அம்மிணி, எங்க வீட்டுக்காரர் போனுக்குப் போச்சு. பதியறப்ப "ஹஸ்பண்ட் நம்பர் சொல்லுங்க"ன்னுதான் கேட்டாங்க, என் கையில போன் இருக்கறதைப் பார்த்துட்டே. அவர் ஒண்ணும் புரியாம பதறிப்போய் அவங்கக்காவுக்கு அனுப்ப, பொழுது சாயறதுக்குள்ள சொந்தபந்தம் பூரா தெரிஞ்சுபோச்சு. அதுல ஒருத்தி, எச்பிவி தாம்பத்யத்துல வர்றதுன்னு நெட்ல படிச்சுட்டு, "உனக்கு எப்படிடி வந்துச்சு"ன்னு கேட்டா. கட்டிக்கிட்ட நாள்லருந்து ஒருத்தனோட குடும்பம் நடத்தற பொம்பளையைக் கேக்கற கேள்வியா அது? இந்த வைரஸ் வருஷக்கணக்கா சத்தமில்லாம உடம்புல கெடக்கும், எப்ப வந்துச்சு யார்கிட்டருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்டும் சொல்லாது. புருஷன்கிட்டருந்தும் வரலாம், அவருக்கே தெரியாம. இதை வச்சு யாரும் யாரையும் சந்தேகப்பட முடியாது. "ஒழுக்கமா இருந்தா வராது"ன்னு இங்க எழுத வர்றவங்களை நான் பிளாக் பண்ணிடுவேன், பதில் சொல்ல மாட்டேன்.

அதனால உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, முடிஞ்சா டாக்டர்கிட்ட கூடவே கூட்டிட்டுப் போங்க, அவர் சந்தேகத்துக்கு டாக்டர் வாயாலயே பதில் கிடைக்கும். மாமியார்கிட்ட இப்ப சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, திரும்ப எடுக்கறதுன்னா "ட்ரீட்மென்ட்ல ஒரு டெஸ்ட்"னு சொன்னாப் போதும், அது பொய்யும் இல்ல. நாளைக்கு அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு பதிவுல உங்க நம்பரை மாத்தச் சொல்லுங்க. எச்பிவி ரிசல்ட் வந்ததும் கமெண்ட்ல போடுங்க, பாசிட்டிவ்னா நான் பார்த்த டாக்டரம்மா விவரம் தனியா அனுப்பறேன்.